எம்249 வகை ஏர்சாஃப்ட் இயந்திரத் துப்பாக்கி: நீண்ட சுடுதலில் ஹாப்-அப் நிலைகுலைகிறது, எங்கிருந்து தொடங்குவது?

நீள்குழல்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது எம்249 உருவில் வந்த மின்சார ஏர்சாஃப்ட் துப்பாக்கி (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றால் தள்ளிச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி), பெட்டி மேகசினுடன். இதில் ஒற்றைச் சுடுநிலை கிடையாது. விசையைச் சட்டென்று தட்டி ஒன்றிரண்டு குண்டுகள் விட்டால் அவை நேராகப் போகின்றன. விசையைப் பிடித்தபடி தொடர்ந்து சுட்டால்தான் சிக்கல். முதல் பத்துப் பன்னிரண்டு குண்டுகள் ஒழுங்காகப் பறக்கும். அதன் பிறகு சில மேலே ஏறும், சில பாதி வழியில் தலைகுப்புற விழும், சில வலப்பக்கம் வளையும். ஹாப்பை, அதாவது குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும் அமைப்பை, திரும்பச் சரிசெய்தால் அடுத்த சுடுதலில் பழையபடி ஆகிவிடுகிறது.

குழலைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சில வேளைகளில் ஒரு குண்டு தானாக உருண்டு வெளியே விழுகிறது. 0.20 கிராம் குண்டில் வேகம் அளந்தேன். 98 முதல் 106 மீட்டர்/நொடி வரை ஆடுகிறது. விளையாடுவது 0.28 கிராம் குண்டில்.

மென்மையான ஹாப் ரப்பர் ஒன்றை ஏற்கெனவே மாற்றிப் பார்த்துவிட்டேன். பெரிய வேறுபாடு இல்லை. அடுத்ததாக 6.03 மி.மீ. உட்குழல் வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரியான முடிவுதானா?

பற்சக்கரம்:

உட்குழல் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் ஒன்றுகூடக் குழலின் துளை அளவைக் காட்டவில்லை.

மூன்று சோதனைகள் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். ஹாப் திருகுசக்கரத்தின் மேலும் அதை ஒட்டிய உடலின் மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளை மையில் ஒரு கோடு போடுங்கள். நீளமாகச் சுட்டுவிட்டு, கோடு ஒன்றின்மேல் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, மேல்மூடியைத் திறந்து ஹாப் சேம்பரை (ஹாப்பும் குழலின் பின்முனையும் அமர்ந்திருக்கும் அறையை) விரலால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மூன்றாவது, உட்குழலைக் கழற்றி, ஹாப்பைப் பாதி ஏற்றி, முனையிலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள்.

மூன்றையும் தொடங்கும் முன் மேகசினை எடுத்துவிடுங்கள். குழலில் தங்கியிருக்கும் குண்டைப் பாதுகாப்பான திசையில் சுட்டு வெளியேற்றுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். உட்குழல் துப்பாக்கியிலிருந்து தனியாகக் கைக்கு வந்த பிறகே அதன் வழியே கண்ணை வைத்துப் பார்க்கலாம். கண்ணாடி அணியாமல் இந்த வேலை எதையும் செய்ய வேண்டாம்.

காற்றடைப்பு:

பற்சக்கரம் கேட்ட சோதனைகள் சரியானவை. அவை ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இயந்திரத் துப்பாக்கியின் ஹாப்பைச் சாதாரணத் துப்பாக்கியின் ஹாப் போலவே நினைத்து ரப்பர் மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

ஹாப் ரப்பரின் மேற்பக்கத்தில் உள்ள மேடு, குண்டின் உச்சியைப் பிடித்துத் தடுக்கிறது. பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது. குண்டு பின்சுழற்சியோடு வெளியே வருகிறது. சுழலும் உருண்டையின் மேலே காற்று விரைவாகவும் கீழே மெதுவாகவும் நகர்வதால் மேல்நோக்கி ஒரு தூக்குவிசை பிறக்கிறது. ஹைன்ரிக் குஸ்தாவ் மேக்னஸ் 1850களில் ஆராய்ந்து எழுதிய, அவர் பெயரால் வழங்கும் விளைவு இதுதான். இந்தத் தூக்குவிசை குண்டின் எடைக்கு ஈடாக இருக்கும் வரை குண்டு தட்டையாகப் பறக்கும்.

அந்தத் தூக்குவிசை சுழற்சியை மட்டும் நம்பி இல்லை, வேகத்தையும் நம்பி இருக்கிறது. நீள்குழலுக்கு வேகம் 8 மீட்டர்/நொடி ஆடுகிறது. ஆற்றலாகக் கணக்கிட்டால் 0.96 ஜூல் முதல் 1.12 ஜூல் வரை. இந்த அளவுக்கு வேகம் மாறிக்கொண்டே இருந்தால், ஹாப் அணுவளவும் அசையாமல் இருந்தாலும் குண்டுகள் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். எனவே இங்கே இரண்டு நோய்கள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. ஒன்று காற்றுக் கசிவு, மற்றொன்று ஹாப் நகர்வது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பொருளை வாங்கினாலும் வீண்.

இயந்திரத் துப்பாக்கியில் இது ஏன் இத்தனை மோசமாகிறது? முதலாவது, கழற்றி மாட்டக்கூடிய வெளிக்குழல். நிஜத் துப்பாக்கியின் உருவத்தைக் காப்பாற்ற, வெளிக்குழல் ஒரு நெம்புகோலால் பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதற்குள் நீண்ட உட்குழல் கிட்டத்தட்ட அந்தரத்தில் நிற்கிறது. இரண்டாவது, மேகசினின் ஊட்டுகுழாய் சேம்பரில் வந்து சேருகிறது. பெட்டியின் எடையும் அசைவும் அந்தக் குழாய் வழியாகச் சேம்பரை இழுக்கின்றன. மூன்றாவது, நொடிக்கு இருபது குண்டுகள் வீதம் விடாமல் சுடும்போது பிஸ்டன் அத்தனை முறையும் முன்னால் வந்து மோதுகிறது. அந்த அதிர்வு முழுவதும் திருகுசக்கரத்தின் பற்களுக்குப் போகிறது. சாதாரணத் துப்பாக்கியில் இரண்டு மூன்று குண்டுகளோடு விசையை விட்டுவிடுவதால் இவை வெளியே தெரிவதில்லை.

ஆகவே என் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்துங்கள். அடுத்துக் காற்றை அடையுங்கள். ரப்பரும் நப்பும் அதற்குப் பிறகு. உட்குழல் கடைசி.

புதுக்கை:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நப் என்று எதைச் சொல்கிறீர்கள்? ரப்பரும் அதுவும் ஒன்றா?

பற்சக்கரம்:

வேறு வேறு. ரப்பர் என்பது உட்குழலின் பின்முனையில் உறைபோல மாட்டப்படுவது. அதன் பின்பக்க உதடு நாசிலை (குண்டை உள்ளே தள்ளிக் காற்றைச் செலுத்தும் குழாயை) கவ்விப் பிடிக்கும், உட்பக்க மேடு குண்டைத் தொடும். நப் என்பது அந்த மேட்டை வெளியிலிருந்து அழுத்தும் சிறிய துண்டு. உட்குழலின் மேலே வெட்டியிருக்கும் சாளரத்தின் வழியாக அது ரப்பரை உள்ளே அமுக்குகிறது. நப்பை நெம்புகை அழுத்துகிறது, நெம்புகையைத் திருகுசக்கரம் அழுத்துகிறது. இந்த வரிசையில் எந்த இடத்தில் தளர்வு இருந்தாலும் அது குண்டில் வந்து முடியும்.

நீள்குழல்:

சோதனைகளைச் செய்துவிட்டேன்.

கோடு விலகிவிட்டது. ஒரே ஒரு நீண்ட சுடுதலில் திருகுசக்கரம் ஏறக்குறைய ஒரு பல் அளவு பின்னால் சுழன்றிருக்கிறது.

சேம்பர் முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடுகிறது. பின்னால் தள்ளினால் கியர்பாக்ஸின் (கியர்களும் பிஸ்டனும் இருக்கும் கூட்டின்) முகத்தோடு ஒட்டுகிறது. கையை எடுத்தால் மெல்லிய இடைவெளி விழுகிறது.

குழலின் வழியே பார்த்தபோது, மேடு உச்சியிலிருந்து நேராக இறங்கவில்லை. வட்டமான வெளிச்சத்தின் மேல்பகுதியை மறைக்கும் கறுப்புப் பிறை ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கிறது. முனையிலிருந்து பார்க்கும்போது தடிப்பு இடப்பக்கம் இருக்கிறது.

காற்றடைப்பு:

முனையிலிருந்து பார்ப்பவருக்கு இடப்பக்கம் என்றால், சுடுபவருக்கு அது வலப்பக்கம். குண்டுகள் வலப்பக்கம் வளைவதற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. மேடு அதிகம் அழுத்தும் பக்கத்தை நோக்கிச் சுழற்சியின் அச்சு சாய்கிறது, குண்டும் அந்தப் பக்கமே வளைகிறது. இதை எந்தத் திருகுசக்கரத்தாலும் சரிசெய்ய முடியாது. ஹாப்பை ஏற்ற ஏற்ற வளைவு கூடத்தான் செய்யும்.

ரப்பரைக் கழற்றுங்கள். உட்குழலின் கீழ்ப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு காடி ஓடும். ரப்பரின் உட்புறத்தில் அதற்கு இணையாக ஒரு வரம்பு இருக்கும். வரம்பு காடிக்குள் முழுவதும் உட்காராமல், விளிம்பில் ஏறி நின்றாலே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். உட்கார்ந்த பிறகு சேம்பருக்குள் தள்ளும்போது உலர்ந்த ரப்பர் சேம்பரின் சுவரில் ஒட்டித் திரும்பும். அந்தச் சமயத்தில்தான் பெரும்பாலும் கோணுகிறது. ரப்பரின் வெளிப்பக்கத்தில் மட்டும், அதுவும் சாளரத்துக்கு அப்பால், சிலிகோன் கிரீஸை விரல்நுனியில் தொட்டுத் துடைத்த அளவுக்குப் பூசினால் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். உள்ளே ஒரு துளியும் படக்கூடாது. பொருத்தி முடித்ததும் மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். பிறை இருபக்கமும் ஒரே தடிப்பில் வரும்வரை விடாதீர்கள்.

ரப்பர் நேராக இருந்தும் பிறை கோணலாகவே இருந்தால் நப்பையும் நெம்புகையையும் பாருங்கள். நெம்புகை தன் அச்சாணியில் பக்கவாட்டில் ஆடினால், அதன் இருபுறமும் மெல்லிய ஷிம் வளையம் அல்லது பிளாஸ்டிக் தாளில் வெட்டிய துண்டு வைத்து நடுவில் நிறுத்தலாம்.

பற்சக்கரம்:

திருகுசக்கரத்துக்கு என் வழி: அதைக் கழற்றி, அச்சைச் சுற்றி டெஃப்லான் டேப்பை ஒன்றிரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றி மாட்டுங்கள். சக்கரத்துக்கும் சேம்பர் உடலுக்கும் நடுவில் இடம் இருந்தால் மெல்லிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இன்னும் நல்லது. விரலால் திருப்பும்போது பிடிவாதமாக அசைய வேண்டும், விட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பசை வைத்து ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். குண்டின் எடையை மாற்றிய அன்றே அது வம்பாகிவிடும்.

பற்களில் கிரீஸ் இருந்தால் முழுவதும் துடைத்தெடுங்கள். உராய்வு வேண்டிய இடத்தில் வழுவழுப்புக்கு வேலை இல்லை.

சேம்பர் ஆட்டத்துக்கு, முதலில் சேம்பரைக் கியர்பாக்ஸ் பக்கம் தள்ளும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். இவ்வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் உட்குழலைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். அது தளர்ந்திருந்தால் சற்று இழுத்து நீட்டலாம், அல்லது அதன் முன்னால் ஒரு வளையம் வைத்து அழுத்தத்தைக் கூட்டலாம். கூடவே உட்குழலும் சேம்பரும் சேரும் இடத்தையும் பாருங்கள். அங்கே இருக்கும் சி வடிவப் பூட்டுக்கும் குழலின் காடிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், குழல் சேம்பருக்குள்ளேயே முன்னும் பின்னும் நகரும். பூட்டுக்கு முன்னால் ஒரு ஓ-ரிங் போட்டால் அந்த ஆட்டம் ஒழியும்.

காற்றடைப்பு:

அதோடு வெளிக்குழலுக்குள் உட்குழல் தொங்குவதையும் நிறுத்த வேண்டும். உட்குழலின் மேல் இரண்டு மூன்று இடங்களில் டேப் சுற்றி, வெளிக்குழலுக்குள் கை அழுத்தத்தில் நுழையும் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். சுத்தியல் வைத்துத் தட்ட வேண்டிய அளவுக்கு இறுக்கினால், பிறகு சேம்பர் ஸ்பிரிங்கால் குழலைப் பின்னால் தள்ள முடியாமல் போய்விடும். குழல் வழுக்க வேண்டும், ஆனால் குலுங்கக்கூடாது.

அடுத்துக் காற்று. நாசிலைக் கழற்ற முடிந்தால், அதை ரப்பரின் உதட்டில் செருகி, ஹாப்பை முழுவதும் இறக்கி, உட்குழலின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு நாசிலின் பின்னால் வாயால் ஊதுங்கள். காற்று எங்கிருந்தும் வெளியேறக்கூடாது. பிறகு ஹாப்பைப் பாதி ஏற்றி அதையே செய்யுங்கள். ஏற்றிய நிலையில் மட்டும் கசிந்தால், நப் அழுத்தும்போது ரப்பர் குழலின் சுவரை விட்டு எழும்புகிறது என்று பொருள். ரப்பரின் உடலைச் சுற்றி, சாளரத்தின் மேல் படாதவாறு, டெஃப்லான் டேப் ஒன்றரைச் சுற்று போட்டால் பெரும்பாலும் அடைபடும். உதட்டில் கசிந்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது, அல்லது நாசில் குட்டையாக இருக்கிறது.

குழலைச் சாய்த்தால் குண்டு உருண்டு விழுகிறது என்றீர்கள். மேடு குண்டைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு இறங்காதபோது இது நிகழும். உங்கள் சக்கரம் தானாகப் பின்னால் சுழல்வதால் மேடு மேலே போய்விடுகிறது. சக்கரம் நின்றால் இதுவும் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கிறேன். நிற்காவிட்டால், நாசிலின் நீளத்தை உங்கள் துப்பாக்கிக்கு உரிய அளவோடு வெர்னியரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாளரம்:

எல்லோரும் பழுது பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். தலைப்பில் இல்லாவிட்டாலும் மேம்படுத்துவதுதான் இதன் அடுத்த படி. என் பரிந்துரை ஆர்-ஹாப். இயந்திரத் துப்பாக்கியில் அதைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மனநிறைவோடு சொல்கிறேன்.

சாதாரண மேடு குண்டை ஒரு புள்ளியில் இடறுகிறது. ஆர்-ஹாப்பில் சாளரத்தின் முழு நீளத்துக்கும் வளைந்த ரப்பர் ஒட்டு ஒன்று உட்காருகிறது. அதன் உள்வளைவு குழலின் உள்வளைவோடு ஒன்றாக ஓடும். குண்டு அதன் அடியில் நீண்ட தூரம் மென்மையாக உருண்டு போவதால், குறைந்த அழுத்தத்தில் அதிகச் சுழற்சி கிடைக்கிறது. கனமான குண்டுகளைத் தூக்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

செய்முறையில் பொறுமை வேண்டும். சாளரத்தின் விளிம்பில் உலோகப் பிசிறு இருந்தால் முதலில் நீக்குங்கள். குழலின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் வழுவழுப்பான கம்பியை உள்ளே செருகி, அதன்மேல் ஒட்டை வைத்து அளவு பாருங்கள். நீளத்தையும் அகலத்தையும் நுண்ணிய உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, சாளரத்தில் தானாக நிற்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஓரங்களில் மட்டும் ஊசிமுனையால் சூப்பர் குளூ தொடுங்கள். கம்பியை உடனே சுழற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மேலே மாட்டும் ரப்பரின் உள்மேட்டைச் சீவி எடுத்துவிட வேண்டும். நப் தட்டையாகவும் ஒட்டின் நீளத்துக்கு ஈடாகவும் இருக்க வேண்டும். பென்சில் அழிப்பானை வெட்டி வைத்தால்கூட அருமையாக வேலை செய்யும்.

பற்சக்கரம்:

சாளரம் சொல்லும் செய்முறையில் குறை இல்லை. ஆனால் இந்தத் துப்பாக்கிக்கு இதைப் பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை.

இயந்திரத் துப்பாக்கிக்காரர் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குண்டுகளைத் தள்ளுவார். ஒட்டு தேயும். ஒரு ஓரம் பெயர்ந்தால் களத்தில் நின்றுகொண்டு சரிசெய்ய முடியாது. குழலையே எடுத்துக்கொண்டு மேசைக்குப் போக வேண்டும். சாதாரண ரப்பர் என்றால் கையிருப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு அங்கேயே மாற்றிவிடலாம். அதோடு, இயந்திரத் துப்பாக்கியின் வேலை எதிரணியைத் தலை தூக்கவிடாமல் அடக்கிவைப்பது. ஒரு புள்ளியில் எல்லாக் குண்டுகளும் போய் விழ வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எட்டும் தூரமும் மாறாத உயரமும்தான் முக்கியம்.

சாளரம்:

அடக்கிவைக்கிற குண்டு அந்தத் தூரத்தை எட்ட வேண்டுமே. ஆர்-ஹாப் இல்லாமல் 0.32 கிராம் குண்டைச் சீராகத் தூக்கிக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தேய்மானம் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதனால்தான் சற்றுக் கடினமான ஒட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். இரண்டு உட்குழல் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் இந்த வகைத் துப்பாக்கியில் எளிது, வெளிக்குழல்தான் ஒரு நெம்புகோலில் கழன்று வருகிறதே.

காற்றடைப்பு:

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, நான் இயந்திரத் துப்பாக்கிகளுக்குச் செய்வது அதுதான்: தட்டை ஹாப். ரப்பரைப் புறம்மாற்றி உள்மேட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குவது, அல்லது மேடில்லாத தட்டை ரப்பராகவே வாங்குவது. மேலே நீளமான தட்டை நப். குண்டுக்குக் கிடைக்கும் தொடுபரப்பு சாதாரண மேட்டைவிட நீளம், ஆர்-ஹாப்பைவிடக் குறைவு. ஒட்டு, பசை எதுவும் இல்லை. ரப்பர் தேய்ந்தால் இழுத்தெடுத்து வேறொன்றைப் போடலாம்.

கடினத்தன்மையில் கவனம் தேவை. நீள்குழல் மென்மையான ரப்பர் போட்டதாகச் சொன்னார். ரப்பரின் கடினத்தைப் பாகையில் சொல்வார்கள், எண் கூடினால் கடினமும் கூடும். 50 பாகை ரப்பர் குறைந்த ஆற்றலுக்கும் குளிருக்கும் நல்லது. விரைவாகத் தொடர்ந்து சுடும் துப்பாக்கியில், ஒரு குண்டு போன பிறகு ரப்பர் தன் வடிவத்துக்குத் திரும்புவதற்குள் அடுத்த குண்டு வந்துவிடுகிறது. 60 அல்லது 70 பாகை ரப்பர் அங்கே நிதானமாக நடந்துகொள்கிறது. புதிய ரப்பர் பழகச் சில நூறு குண்டுகளாவது போக வேண்டும். முதல் இருபது குண்டுகளைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

புதுக்கை:

0.28, 0.32 என்று எடையைக் கூட்டிக்கொண்டே போகிறார்களே, துப்பாக்கி அதே துப்பாக்கிதானே? கனமான குண்டு மெதுவாகத்தானே போகும்?

பற்சக்கரம்:

மெதுவாகத்தான் கிளம்பும். ஆற்றல் 1 ஜூல் என்று வைத்துக்கொண்டால், 0.20 கிராம் குண்டு 100 மீட்டர்/நொடியில் கிளம்பும், 0.28 கிராம் ஏறக்குறைய 84.5, 0.32 கிராம் ஏறக்குறைய 79. ஆனால் கனமான குண்டு காற்றின் தடையில் தன் வேகத்தைக் குறைவாகவே இழக்கும், பக்கக்காற்றில் குறைவாக விலகும். தொலைவுக்குப் போன பிறகு 0.20 ஐ 0.28 முந்திவிடும். நிபந்தனை ஒன்றுதான், அதைத் தாங்கும் அளவுக்கு ஹாப் சுழற்சி கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. வேகம் அளக்கும்போது, நீங்கள் விளையாடும் அதே எடைக் குண்டில், ஹாப்பை விளையாடும் நிலையில் வைத்து அளவெடுங்கள். நீண்ட குழலும் நிறையக் காற்றும் இருக்கும் துப்பாக்கியில் கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்கிக் கூடுதல் ஆற்றலோடு வெளியே வரலாம். 0.20 இல் வரம்புக்குள் இருந்தது 0.32 இல் வரம்பைத் தாண்டினால் அடிபடுபவருக்கு வலிக்கும். களத்தின் ஆற்றல் வரம்பு எதுவோ, அதைக் கனக் குண்டில் காட்டித் தேறுங்கள்.

மேகசின்பெட்டி:

யாரும் ஊட்டுதலைப் பற்றிப் பேசவில்லையே. ஹாப் கெட்டுப்போனது போலத் தெரியும் பல தொல்லைகளின் வேர் பெட்டிக்குள் இருக்கிறது.

நொடிக்கு 25 குண்டுகள் என்றால் ஒரு சுற்றுக்கு 40 மில்லிநொடி. அதிலும் ஒரு பகுதி நேரம்தான் நாசில் பின்னால் நிற்கும். அதற்குள் அடுத்த குண்டு முழுவதுமாக மேலேறி வந்து நிற்க வேண்டும். பாதி ஏறியிருக்கும்போது நாசில் முன்னால் வந்தால், குண்டு ரப்பரின் உதட்டில் கோணலாக நெரிபடும். அந்தக் குண்டு தாறுமாறாகப் பறக்கும், உதடும் கிழியும். பிஸ்டனை இழுக்கும் செக்டர் கியரின் மேல் தாமதத் தகடு ஒன்று பொருத்தினால், நாசிலை அசைக்கும் டாப்பெட் தகடு அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பின்னால் பிடித்துவைக்கும். அதுவே போதுமானதாக இருக்கும்.

பெட்டியின் மோட்டார் குழாயை அளவுக்கு மீறி இறுக்கினாலும் கேடுதான். அழுத்தம் மிகுந்தால் இரண்டு குண்டுகள் சேர்ந்து நுழையும். இரண்டும் மெதுவாகக் கிளம்பி, கால்வாசித் தூரத்தில் விழும். இதைப் பார்த்து ஹாப் போதவில்லை என்று திருகுசக்கரத்தை ஏற்றுவார்கள், அடுத்த குண்டு வானத்துக்குப் போகும்.

குண்டின் தரத்தையும் சொல்லிவிடுகிறேன். 5.95 மி.மீ. அளவில், தையல்கோடு தெரியாமல், பளபளவென்று இருக்க வேண்டும். தரையில் விழுந்ததைப் பொறுக்கிப் போடவே கூடாது. ஒரு மணல் துகள் போதும், ரப்பரில் கீறல் விழுந்துவிடும். மக்கும் குண்டுகள் என்றால் ஈரம் படாமல் மூடிவையுங்கள். ஈரம் குடித்து ஊதிவிட்டால் குறுகிய குழலில் அடைத்துக்கொள்ளும்.

நீள்குழல்:

எத்தனை விவரங்கள்! எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு முழுவதும் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

ரப்பரின் வரம்பு காடியில் உட்காராமல் நின்றிருந்தது. காற்றடைப்பு சொன்னபடி கிரீஸ் தொட்டுப் பொருத்தியதும் பிறை இருபக்கமும் சமமாக வந்தது. திருகுசக்கரத்தின் அடியில் ஓ-ரிங் போட்டேன், இப்போது விரல்நகத்தை அழுத்தித்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. சேம்பர் ஸ்பிரிங்கின் முன்னால் ஒரு வளையம். உட்குழலில் மூன்று இடங்களில் டேப். ஊதிப் பார்த்தபோது ஹாப் ஏற்றிய நிலையில் கசிந்தது. டெஃப்லான் ஒன்றரைச் சுற்றில் அடைபட்டது.

வேகம் இப்போது 104 முதல் 106 க்குள் நிற்கிறது. வெள்ளைக் கோடு அசையவில்லை. குண்டு உருண்டு விழுவதும் நின்றுவிட்டது. பழைய உட்குழல்தான், ஒரு பொருளும் புதிதாக வாங்கவில்லை. இனித் தட்டை ஹாப்புக்கு 60 பாகை ரப்பர் வாங்கப்போகிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். ஒவ்வொரு சுடுதலிலும் முதல் குண்டு கொஞ்சம் தாழ்ந்து போகிறது. பிறகு சரியாகிறது. மேலும், குழலைச் சுத்தம் செய்ய என்ன பயன்படுத்தலாம்? துப்பாக்கியோடு ஒரு சிலிகோன் எண்ணெய்ப் புட்டி வந்தது.

காற்றடைப்பு:

அந்தப் புட்டியைக் குழலின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஹாப் உராய்வால் வேலை செய்கிறது. ரப்பரின் மேல் எண்ணெய்ப் படலம் படிந்தால் குண்டு சுழலாமல் வழுக்கிப் போகும். உங்கள் ரப்பர் சிலிகோனால் ஆனதென்றால், சிலிகோன் எண்ணெயை உறிஞ்சி ஊதவும் செய்யும். பஞ்சுத் துணியைத் துடைப்புக் கம்பியில் சுற்றி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, ஹாப்பை முழுவதும் இறக்கிவைத்துத் துடையுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை மாற்றுங்கள். கடைசியாக உலர்ந்த துணி ஒரு முறை. பொருத்தும்போது தொட்ட கிரீஸ் உள்ளே கசிந்திருந்தாலும் இதிலேயே போய்விடும்.

துப்பாக்கியை எடுத்துவைக்கும்போதும் ஹாப்பை முழுவதும் இறக்கிவிடுங்கள். வாரக்கணக்கில் அழுத்தியபடி கிடந்தால் ரப்பரில் பள்ளம் விழும்.

மேகசின்பெட்டி:

முதல் குண்டு தாழ்வதற்கு நான் சொல்கிறேன். விசையை விட்டதும் கியர்கள் எந்த இடத்தில் நின்றன என்பதைப் பொறுத்து, ஒரு குண்டு ஏற்கெனவே ரப்பருக்குள் ஏறி மேட்டுக்கு அடியில் காத்திருக்கும். நீங்கள் நடக்கும்போதும் ஓடும்போதும் அது ஒரு மி.மீ. முன்னால் நகர்ந்துவிட்டால், மேட்டின் முழுப் பிடியும் அதற்குக் கிடைக்காது. குழலை மேல்நோக்கி வைத்தபடி நின்றுவிட்டுச் சுட்டுப் பாருங்கள், கீழ்நோக்கி வைத்தபடி நின்றுவிட்டும் சுட்டுப் பாருங்கள். இரண்டிலும் முதல் குண்டு வெவ்வேறாகப் போனால் இதுதான் காரணம். நீங்கள் வாங்கப்போகும் தட்டை ரப்பரின் தொடுபரப்பு நீளம் என்பதால் இது குறையும்.

சாளரம்:

அந்த ரப்பரை மாட்டியதும் 0.32 கிராம் குண்டிலும் ஒரு முறை சுட்டுப் பார்த்து எழுதுங்கள், நீள்குழல். தட்டை ஹாப் அதைத் தூக்குகிறதா என்று எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும். தூக்கவில்லை என்றால் ஒட்டு வெட்டும் அளவுகளை இங்கேயே தருகிறேன்.

நீள்குழல்:

கட்டாயம். 0.28, 0.32 இரண்டிலும் வேகமும் பறக்கும் விதமும் எழுதுகிறேன். ரப்பர் பழகச் சில நூறு குண்டுகள் போன பிறகு.